அப்பாவைப் பெயரோடு அடக்கம் செய்தார்கள்

அன்பான சகோதர சகோதரிகளே, போன ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இது சந்தோஷமான சாட்சி அல்ல. நான் கேட்டது எல்லாம் கிடைக்கவும் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் கர்த்தர் எங்களுக்கு ஒரு காரியத்தைச் செய்தார். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பிறகு வேலூரில் கல்லூரிக்கும் போனேன். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் ஆபீஸ் வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னைப் பட்டதாரி ஆக்கினார்கள். தங்கை ஷைனி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

அப்பா பெயர் தேவராஜ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை. வீடு மாதிரி பெரிய மர டிரம்முக்குள் தோலும் சாயமும் போட்டுச் சுற்றவிடுவார்கள். அப்பா அந்தச் சாய டிரம்மில் நின்றார். கறுப்புத் தோலுக்குத்தான் எப்போதும் கிராக்கி. கையுறை கொடுப்பார்கள். ஈரத் தோல் வழுக்குகிறது என்று அப்பா அதைக் கழற்றி வைத்துவிடுவார். அதனால் அவர் நகங்கள் பத்தும் அடிவரை கறுப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் போகாது. கல்யாணத்தன்று அம்மாவின் சித்தி எல்லோர் முன்பும், "இன்னாடி, மாப்ள கைய மை பாட்டில்ல வுட்டுட்டு வந்துட்டாரா?" என்று கேட்டாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவைச் சீண்டுவார். அப்பா சிரிப்பார். ஆனால் ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்கும்போது மட்டும் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டுதான் கையை நீட்டுவார். சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று அதைக் கவனித்திருக்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் டேனரியில் வேலை கம்மியாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு மேஸ்திரி அந்தமானுக்கு ஆள் எடுத்தார். அந்தமான் என்று சொன்னாரே தவிர, இடம் அதற்கும் தெற்கே நிக்கோபார் பக்கம் ஒரு சின்னத் தீவு. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒரு கப்பல், அங்கிருந்து இன்னொரு கப்பல். படகுத்துறை கட்டும் வேலை. அந்த வருஷ ஈஸ்டர் முடிந்ததும் அப்பா கிளம்பிவிட்டார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததே இல்லை.

அங்கே டவர் சரியாகக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்கு நடந்து வந்து பட்டன் போனில் பேசுவார். முகம் பார்த்துப் பேச வழி இல்லை. "இன்னா மேடம், ஆபீஸ்ல ஏசி போட்டாங்களா?" என்றுதான் என்னிடம் ஆரம்பிப்பார். "தண்ணி கண்ணாடி மாதிரி கீதும்மா, அடியில மீனு போறது தெரியுது" என்று ஷைனியிடம் சொல்வார். அம்மாவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை மேஸ்திரி கூப்பிட்டார். சாமான் ஏற்றிப் போன சின்னப் படகு அலையில் கவிழ்ந்துவிட்டது. அதிலிருந்தவர்களில் இரண்டு பேரைக் காணவில்லை, மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் எங்கள் அப்பா. இன்னொருவர் ஒடிசாக்காரர், பீமா என்று பெயர். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பாலாற்றில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் ஓடி எத்தனை காலம் ஆகிறது?

அன்றிலிருந்து வீட்டில் ஜெபம்தான். சபையார் மாறி மாறி வந்தார்கள். அப்பாவை உயிரோடு கொண்டுவாரும் என்பதைத் தவிர நாங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை தீவிலிருந்து ஒரு அதிகாரி பேசினார். ஒரு உடல் கிடைத்திருக்கிறது, படம் அனுப்புகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான்தான் இங்கிலீஷில் பேசினேன். படம் என் போனுக்கு வந்தது. முகம் பாறையில் அடிபட்டிருந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். அடையாளம் சொல்ல முடியாத முகம். உயரம், நிறம் எல்லாம் அப்பாவாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். கடைசியாக ஒரு கையின் படம் இருந்தது.

அம்மா போனை வாங்கி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார். வெளிறிக் கிடந்த முகம் மறுபடி தெளிந்திருந்தது.

"இது அவர் இல்ல. நகத்தப் பாரு, வெள்ள வெளேர்னு கீது. எத்தினி வருசமா அந்தக் கையப் பாத்துனு கீறேன்."

நாங்களும் பார்த்தோம். சுத்தமான, வெளுத்த நகங்கள். தோல் தொழிலே தெரியாத ஒருவருடைய கை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டேனரிக்காரர்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "ஆமாமா, தேவராஜ் கை இது கெடையாது" என்றார்கள். யாரோ ஸ்தோத்திரம் என்று சொன்னார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அதிகாரியைக் கூப்பிட்டு, இவர் எங்கள் அப்பா இல்லை, என் அம்மா உறுதியாகச் சொல்கிறார் என்றேன். என் இங்கிலீஷ் தடுமாறவே இல்லை.

ஷைனி மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "அப்ப அது யாரோட அப்பாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

அதிகாரி இன்னொன்றையும் சொல்லியிருந்தார். ஒடிசாக் குடும்பத்தாராலும் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. தீவில் உடலை வைத்துக் காக்க வசதி இல்லை, கடல் கொந்தளிப்பதால் கப்பலும் இல்லை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுநாள் சனிக்கிழமை ஒரு நம்பர் போட்டு அடக்கம் செய்துவிடுவார்கள். முடிவு வரப் பல மாதம் ஆகும். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா, "பாவம், யார் பெத்த புள்ளயோ" என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு அது வேறொருவர் வீட்டுத் துக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா எழுந்து சாட்சி சொன்னார். அம்மா அப்படி எழுந்து பேசுகிறவர் அல்ல. செத்தது என் வீட்டுக்காரர் இல்லை என்று கர்த்தர் காட்டிவிட்டார், அவரைத் திரும்பவும் கொண்டுவருவார் என்றார். சபை முழுவதும் கை தட்டியது. போதகர் நன்றி ஜெபம் பண்ணினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் கைகளைக் குவித்துத் தலை குனிந்தேன். ஏனோ கண் மூடவில்லை.

என் விரல்கள் கண்ணுக்கு நேராக இருந்தன. மே மாதம் அத்தை மகள் கல்யாணத்துக்கு மருதாணி இட்டிருந்தேன். அப்போது நகம் முழுவதும் சிவந்திருந்தது. இப்போது நுனியில் மட்டும் பிறை மாதிரி ஒரு சிவப்பு. மற்றதெல்லாம் புது நகம், வெளுத்த நகம்.

மே மாதம் இட்டது ஆகஸ்டில் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. அப்பா முந்தின வருஷ ஈஸ்டருக்கே டேனரியை விட்டவர், ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிறது.

ஜெபம் முடிந்து எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை டேனரிக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தேன். எப்படித் தோன்றும்? எங்கள் ஊரில் அந்தக் கறுப்பு யாருக்கும் போவதில்லை, ஏனென்றால் யாரும் அந்த வேலையை விடுவதில்லை. அதைப் பிறந்த நிறம் மாதிரி நினைத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். என் நகத்தைக் காட்டினேன். அம்மா பார்க்கவே இல்லை.

"நீ படிச்சவ. எல்லாம் உனுக்குத் தெரியும். அந்த மனுசன் சாயத்துல நின்னு உன்னப் படிக்க வெச்சாரு, நீ அவரச் சாகடிச்சிட்டு வந்து எனுக்குப் பாடம் நடத்துற."

என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர் அவர்.

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்காலிட்டேன். ஆனால் இந்த முறை என்ன கேட்பது என்று தெரியவில்லை. உயிரோடு கொண்டுவாரும் என்று கேட்க வாய் வரவில்லை. கடைசியில் இப்படித்தான் கேட்டேன்: "ஆண்டவரே, அவரை யாரோ மாதிரி ஒரு நம்பர் போட்டுப் புதைக்கவிடாதேயும். அவருக்குப் பெயர் இருக்கிறது. புதைத்துவிட்டார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் சொல் அம்மா காதில் ஏறவில்லை. நீரே அவருக்குச் சொல்லும்." நேற்றே புதைத்திருப்பார்கள் என்று மனம் சொன்னது. இருந்தும் கேட்டேன். நல்ல வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. எழுந்து முகம் கழுவினேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டி மஸ்தான் பாய் வந்தார். அவர் அப்பாவோடு ஒரே டிரம்மில் நின்றவர். முதுகு வலி வந்து வேலையை விட்டுவிட்டுப் பேருந்து நிலையம் பக்கம் பழக்கடை போட்டிருக்கிறார். செய்தி கேள்விப்பட்டு ஒரு பை நிறையச் சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார்.

"அல்லா காப்பாத்திட்டான்மா. என் தோஸ்த் அவ்ளோ சீக்கிரம் போற ஆளா? எங்கனா ஒரு தீவுல குந்திக்கினு தேங்கா தின்னுனு இருப்பான், பாரு."

அம்மா அந்த வாரம் முதல் முறையாகச் சிரித்தார். தானே எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் தம்ளரை வாங்கினார். அம்மாவின் கை தம்ளரை விட்ட பிறகும் அப்படியே நீட்டியபடி நின்றது. நான் வாசற்படியில் இருந்தேன். அம்மா எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பாய், நீங்க டிரம்ம வுட்டு எவ்ளோ நாள் ஆவுது?"

"ஆச்சும்மா, வருசம் ஒன்னு ஆவப்போவுது. ஏன்?"

"நகத்துல இருந்த கறுப்பு?"

பாய் தன் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அதுவா? தேச்சித் தேச்சி சலிச்சிட்டேன். வளர வளர வெட்டினேன், தன்னால பூட்ச்சி. பேரப்புள்ள கூட…"

அதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் விளங்கிவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தார். டீயை அவர் குடிக்கவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஐயோ என்று கத்தவில்லை. "என் ராசா, கை வெளுத்துட்ச்சாடா உனுக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஷைனி வந்து அம்மா மடியில் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அதிகாரிக்குப் போன் போட்டேன். பல முறை போட்ட பிறகுதான் லைன் கிடைத்தது. புதைத்துவிட்டீர்களா என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அவ்வளவு படித்தும் அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவரே சொன்னார். சனிக்கிழமை குழி வெட்டினார்களாம். மழை கொட்டி, வெட்ட வெட்டக் குழி தண்ணீரால் நிறைந்ததாம். இன்றைக்குச் செய்யலாம் என்றால் தீவு மக்கள் மண்வெட்டியைத் தொட மறுத்துவிட்டார்கள். அவர்கள் விசுவாசிகள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆலயத்தில் இருப்பவர்கள். நாளைக் காலையில்தான் என்றார்.

சகோதர சகோதரிகளே, இதை நான் எப்படிச் சொல்வது? நாங்கள் இங்கே தப்பாக நன்றி சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் பெயரே தெரியாத மக்கள் ஒரு தீவில் ஆராதனைக்குப் போனதால் அப்பா இன்னும் மண்ணுக்குள் போகாமல் இருந்தார். நான் சமையலறையில் முழங்காலிடுவதற்கு முன்பே அந்தப் பதில் புறப்பட்டுவிட்டது.

மனைவி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. போனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"சார், அது என் வூட்டுக்காரர்தான். நான் தப்பா சொல்லிட்டேன். அவர் பேரு தேவராஜ். நம்பர் வேணாம், பேர் போட்டு வையுங்க."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது, அம்மாவுக்கு உடையவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவர வழி இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை அந்தத் தீவுச் சபையின் மூப்பர் பேசினார். அவர் சொன்னதை அதிகாரி எனக்குச் சொன்னார். உங்கள் அப்பாவும் எங்களைப் போல விசுவாசி என்று தெரிந்துவிட்டது, எங்கள் ஆலயத் தோட்டத்திலேயே வைக்கிறோம், உங்கள் வழக்கத்தில் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சவத்துக்கு வெள்ளைக் கையுறையும் காலுறையும் போட்டுத்தான் பெட்டியில் வைப்போம். அதைச் சொல்லலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"கைக்கு ஒன்னும் போட வேணாம்னு சொல்லு. மடக்கவும் வேணாம். அப்படியே தொறந்து வைக்கட்டும்."

அதை நான் சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

அடக்கத்தின்போது போனை ஆனில் வைத்திருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டது. அவர்கள் மொழியில் பாடினார்கள். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, ராகம் மட்டும் எங்களுக்குத் தெரிந்த ராகம். பாதிப் பாட்டில் லைன் அறுந்துவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. விட்ட இடத்திலிருந்து தமிழில் பாடினார். வீட்டில் இருந்த எல்லோரும் சேர்ந்து பாடினோம். வாசலில் நின்ற மஸ்தான் பாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

அடுத்த ஞாயிறு போதகர் வீட்டுக்கு வந்து, முந்தின சாட்சியைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அன்பாகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. வெள்ளைப் புடவையோடு சபையில் எழுந்து நின்றார். "அன்னிக்கு நான் சொன்னது என் ஆச. இன்னிக்கு சொல்றது நடந்தது. அவர் செத்துட்டாரு. ஆனா அனாதையாப் போவல" என்றார். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா சத்தமாக அழுதார். அவர் மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான்.

பல மாதம் கழித்துப் பரிசோதனை முடிவும் வந்தது, அப்பாதான் என்று. அதைப் படித்துக் காட்டினேன். அம்மா, "அதான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் இன்னும் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறோம். என்னை மேடம் என்று கூப்பிட ஆள் இல்லை. துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உயிரோடு கேட்டேன், கர்த்தர் தரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. பெயரோடு கேட்டேன், தந்தார். முன்பெல்லாம் சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னால் அழகான வார்த்தைகளாகத் தேடித் தேடிப் போடுவேன். படித்தவள் ஜெபம் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்றிருக்கும். இப்போது பெயர்களைச் சொல்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. அந்த உடல் அப்பா என்று நாங்கள் சொன்ன நிமிஷத்தில், ஒடிசாவில் இன்னொரு வீட்டுக்கு, அது உங்கள் ஆள் இல்லை என்ற செய்தி போயிற்று. பீமா அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை. அவர் மனைவி பெயர் ரத்னி. அம்மா கேட்டுக்கொண்டதால் அவர் நம்பரை வாங்கினேன். எனக்கு ஒடியா தெரியாது, இந்தியும் கொஞ்சம்தான். அம்மாவுக்கு அதுவும் இல்லை. போன் போட்டால் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை, அந்தப் பக்கம் அவர் அழுகிறார், இந்தப் பக்கம் அம்மா "அழுவாதம்மா, ரத்னி, அழுவாத" என்கிறார். மாதம் ஒருமுறை இது நடக்கிறது. அவர் நம் தேவனை அறிந்தவரா என்று அம்மா கேட்டதில்லை. தினமும் காலையில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்.

எங்களுக்குத் துக்கப்பட ஒரு இடம் கிடைத்தது. ரத்னி அக்காவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இதை வாசிக்கிற நீங்கள், உங்கள் சொந்தப் பாரம் எவ்வளவு இருந்தாலும், கேட்பதை நிறுத்தாதிருங்கள். என்ன கேட்பது என்று தெரியாதபோதும் கேளுங்கள். தப்பாகக் கேட்டவர்களையும் அவர் தள்ளிவிடவில்லை, எங்களைப் பாருங்கள். இன்றைக்கு நீங்கள் முழங்காலிடும்போது ரத்னி என்ற பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். அவருக்கும் ஒரு பதில் வரட்டும்.